படி, பவுன், டி.எம்.சி.: அளவுகள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

அளவுகள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நிலப்பத்திரம், நெல், நகை, ஆற்றுநீர், மருந்து என்று நாள்தோறும் நாம் கையாளும் அளவுகளைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இடம் கொடுத்த வரை விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தாத்தா காலத்துப் பாகப்பத்திரத்தில் ‘3 மா நஞ்சை’ என்று இருக்கிறது. பட்டாவில் 0.40.50 என்று எண் மட்டும் இருக்கிறது. வாங்க வருபவர் சென்ட் கணக்குக் கேட்கிறார். மூன்றும் ஒரே நிலம்தானா?
(வாசகர், மன்னார்குடி)

ஒரே நிலமாகத்தான் இருக்க வேண்டும். கணக்கும் ஏறத்தாழ ஒத்து வருகிறது. தஞ்சைப் பகுதியில் வழங்கிய கணக்கின்படி, 12 அடிக் கோலால் நீளம் ஒரு கோலும் அகலம் ஒரு கோலுமாக அளந்த இடம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே ஒரு மா என்பது 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். உங்கள் 3 மாவுக்கு 43,200 சதுர அடி வருகிறது. பட்டாவில் முதல் இலக்கம் ஹெக்டேரையும் அடுத்தவை ஏர் என்னும் அளவையும் குறிக்கின்றன. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 40.50 ஏர் என்றால் 4,050 சதுர மீட்டர். சதுர அடியில் ஏறத்தாழ 43,590. சென்ட் கணக்கில் சரியாக 100, ஓர் ஏக்கர். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சென்டுக்கும் குறைவுதான்.

இவ்வளவு நெருங்கி வந்தது உங்கள் நல்வாய்ப்பு என்றே சொல்வேன். ஏனெனில் கோலின் நீளம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. சோழர் கால ஆவணங்களிலேயே 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று வெவ்வேறு கோல்கள் பேசப்படுகின்றன. நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் என்று தோன்றும். ஆனால் பரப்பு நீளத்தின் இருமடியாக உயர்வதால், 16 சாண் கோலால் அளந்த 100 குழி, 12 சாண் கோலால் அளந்த 100 குழியைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். எந்தக் கோல் என்று தெரியாமல் குழிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய இயலாது. இந்தச் சிக்கலை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தனர். பழைய கோயில்களின் அடித்தளத்திலோ சுவரிலோ, இரு முனையிலும் குறியிட்ட நீண்ட கோடு ஒன்று வெட்டப்பட்டிருப்பதைச் சில ஊர்களில் இன்றும் காணலாம். அதுதான் அந்த ஊரின் நில அளவுகோல். யாருக்கு ஐயம் வந்தாலும் கோலைக் கொண்டுபோய் அந்தக் கோட்டோடு வைத்துப் பார்க்கலாம். கல்லில் வெட்டியதை ஒருவர் இரவோடிரவாகக் குறைத்துவிட முடியாது.

சென்னையில் மனை வாங்குவோர் சொல்லும் கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். யாழ்ப்பாணத்து உறவினர் பரப்புக் கணக்குச் சொன்னால், 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கொள்ளுங்கள். விற்பனைப் பத்திரம் எழுதும்போது மட்டும் இவை எதையும் நம்பியிருக்காமல், புல எண், உட்பிரிவு எண், புல வரைபடம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற நில அளவரை அழைத்து எல்லைக் கற்களை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பித்தளைப் படியும் மரக்காலும் கிடக்கின்றன. ஒரு படி எத்தனை லிட்டர்? நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவார்களே, அது ஏன்?
(வாசகி, காரைக்குடி)

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கடைசியில் வரும் மூன்றைத் தவிர மற்ற எல்லாம் இரண்டோ, இரண்டை மேலும் மேலும் இரட்டித்து வரும் எட்டோதான் என்பதைக் கவனியுங்கள். எழுத்தறியாதவரும் பாதி, பாதியில் பாதி என்று பிரித்தே பங்கிட்டுக்கொள்ள வசதியான ஏற்பாடு அது. ஆனால் ஒரு படிக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று பெயர்கள் வழங்குவதே அதற்குச் சான்று. உங்கள் படியின் அளவை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி விளிம்பு வரை நிரப்பி எண்ணிக்கொள்ளுங்கள். படியில் முத்திரை இருந்தால், அடிப்புறத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பாருங்கள். முத்திரையிட்ட ஆண்டு தெரியக்கூடும்.

‘லாபம்’ என்பது மங்கலச் சொல்லோடு எண்ணத் தொடங்கும் வழக்கம். ஒன்றுக்குப் பதிலாக ‘லாபம்’ என்று சொல்லி, பிறகு இரண்டு, மூன்று என்று தொடர்வார்கள். என் சிறு வயதில் களத்துமேட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். அளப்பவர் மரக்காலை நெல்லில் புதைத்து, இடக்கையால் அணைத்து நிரப்பி, சாக்கில் கவிழ்க்கும் வரை அந்த எண்ணையே இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த மரக்கால் நிரம்பும்போதுதான் அடுத்த எண் வரும். விற்பவர், வாங்குபவர், சாக்கைப் பிடித்திருப்பவர் ஆகிய மூவர் காதிலும் ஒரே எண் விழுந்துகொண்டே இருப்பதால், கணக்கில் தவறு நேர இடமில்லை.

எண்ணில் தவறு நேராவிட்டாலும் கையில் நேரலாம். மரக்காலைத் தலைதட்டி அளப்பதும் கூம்பாகக் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்தவர்கள் உண்டு. அளவு குறைந்த மரக்காலைக் கூலி அளப்பதற்கென்றே தனியாக வைத்திருந்தவர்களும் உண்டு. கள்ள மரக்கால் என்றே அதற்குப் பெயர். 1940களில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் திரண்டபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, முத்திரை மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது. நாள் முழுதும் நாற்று நட்டவர்களுக்குக் கூலி உயர்வு எவ்வளவு முக்கியமோ, அந்தக் கூலியை அளக்கும் பாத்திரத்தில் ஒரு முத்திரை இருப்பதும் அவ்வளவு முக்கியமாக இருந்தது. அளவுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருவது இதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரையே வைத்து, அது ‘ராஜகேசரி’ என்னும் அளவோடு ஒக்கும் என்றும் எழுதிவைத்ததன் காரணமும் இதுவே. இந்தப் பாத்திரம் யாருடைய தனிச்சொத்தும் அன்று, இன்ன அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்று ஊரறியச் சொல்லிவிட்டார்கள்.

இன்று நெல்லை எடை போட்டே கொள்முதல் செய்கிறார்கள். எடையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈரநெல் கூடுதல் எடை காட்டும். அதனால்தான் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. மழைக்காலத்தில் டெல்டா விவசாயிகள் அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்பது இதனால்தான்.

கேள்வி: 2019-இல் கிலோகிராமின் வரையறையை மாற்றிவிட்டார்கள் என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் கடைத் தராசுகளை எல்லாம் மாற்றினார்களா?
(பதினோராம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி)

மாற்றவில்லை, மாற்றத் தேவையும் எழவில்லை. 1889 முதல் 2019 மே 20 வரை கிலோகிராம் என்பது ஒரு பொருள். பாரிஸ் அருகே செவ்ர் என்னும் ஊரில், 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்து செய்த 39 மில்லிமீட்டர் உயர உருளை ஒன்று, கண்ணாடிக் கவிகைகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் எடையே கிலோகிராம். அதன் படிகள், அதாவது நகல்கள், பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பது 57 என்னும் எண்ணிட்ட படி. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் மூலத்தையும் படிகளையும் ஒப்பிட்டபோது, அவற்றுக்கிடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றியிருந்தது. அது ஒரு சர்க்கரைத் துகளின் எடையைவிடக் குறைவு. ஆனால் மூல உருளையே கிலோகிராம் என்று வரையறுத்திருந்ததால், மாறியது மூலமா, படிகளா என்று கேட்கக்கூட வழியில்லை. மூலம் இளைத்திருந்தால், உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் கனத்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகையால் 2018 நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய நாடுகள், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணுக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்து, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுவது என்று முடிவு செய்தன. மீட்டரை 1983-இலேயே ஒளியின் வேகத்தோடு பிணைத்துவிட்டார்கள். விநாடியை 1967-இல் சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளோடு பிணைத்தார்கள். புதிய வரையறை பழைய எடையோடு முடிந்த வரை ஒத்திருக்குமாறே அந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்ததால், உங்கள் தெருக் கடையின் ஒரு கிலோ பருப்பு முன்பிருந்த ஒரு கிலோவாகவே இருக்கிறது.

கடைத் தராசில் நாம் பார்க்க வேண்டியது வேறு. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரையிட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பொருளை வைப்பதற்கு முன் திரையில் சுழியம் இருக்கிறதா, தட்டின் எடையைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தட்டுத் தராசு இரு பக்கமும் எடைகளையே ஒப்பிடுவதால் எந்த ஊரிலும் ஒரே விடை தரும். மின்னணுத் தராசு அழுத்தத்தை அளப்பதால், ஈர்ப்பு விசை சற்றே வேறுபடும் ஊருக்கு எடுத்துச் சென்றால் அங்கே மறுபடி சரிசெய்ய வேண்டும். இதையும் உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல வகுப்பாக அமையும்.

கேள்வி: பவுனுக்கு 8 கிராம் என்ற கணக்கு எப்படி வந்தது? 22 காரட் தங்கமும் 1 காரட் வைரமும் ஒரே காரட்டா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பவுன் அல்லது சவரன் என்பது பிரிட்டிஷ் தங்க நாணயம். அதன் எடை 7.988 கிராம். கடைக்கணக்கில் அது முழுதாக 8 கிராம் ஆகிவிட்டது. காரட் என்ற சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தருகிறது. தங்கத்தில் அது தூய்மையைக் குறிக்கும்: 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 91.6 விழுக்காடு, நகையில் காணும் 916 என்ற எண் அதுவே. வைரத்தில் அது எடையைக் குறிக்கும்: ஒரு காரட் 200 மில்லிகிராம். இந்தச் சொல் காரப் மரத்தின் விதையிலிருந்து வந்தது. நம்மிடமும் விதைகளே எடைக்கற்களாக இருந்தன. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கல் பதித்த நகை வாங்கும்போது மொத்த எடை, கல்லின் எடை, தங்கத்தின் நிகர எடை ஆகிய மூன்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மேட்டூர் அணையின் நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வரும்போது, 120 அடியில் பாதி, பாதி அணை நிறைந்திருக்கிறது என்று நினைக்கிறோம். கன அடி, டி.எம்.சி. என்பவற்றையும் விளக்க வேண்டும்.
(விவசாயி, குளித்தலை)

மிகவும் பயனுள்ள கேள்வி. இதில் தவறாக எண்ணிக்கொள்வோர் பலர். நீர்மட்டம் என்பது உயரம். நீர் இருப்பு என்பது கொள்ளளவு. அணைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், மேலே ஓர் அடி ஏறுவதற்குத் தேவைப்படும் நீர், கீழே ஓர் அடி ஏறுவதற்குத் தேவைப்படும் நீரைப் போலப் பல மடங்கு. மேட்டூர் 120 அடியில் நிரம்பும்போது 93.47 டி.எம்.சி. கொள்ளும். 60 அடியில் இருக்கும் நீர் அதில் பாதி அன்று. கால் பங்கை ஒட்டியே இருக்கும். வீட்டில் அடி குறுகி வாய் அகன்ற சட்டியில் பால் ஊற்றிப் பார்த்தாலே இது விளங்கிவிடும். எனவே சாகுபடி முடிவெடுக்க, செய்தியில் அடிக் கணக்கோடு நின்றுவிடாமல் நீர் இருப்பையும் கேளுங்கள்.

கன அடி என்று நாம் சுருக்கிச் சொல்வது உண்மையில் விநாடிக்கு இத்தனை கன அடி என்னும் ஓட்ட அளவு. ஒரு கன அடி 28.3 லிட்டர். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் திறந்துவிட்டால் ஒரு டி.எம்.சி. ஆகும். 10,000 கன அடி திறப்பு என்று கேட்டால், ஒரு நாளைக்கு முக்கால் டி.எம்.சி.க்குச் சற்று மேல் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். வயல் கணக்கில் சொன்னால், ஒரு டி.எம்.சி. நீரை ஓர் அடி உயரத்துக்குத் தேக்கினால் சுமார் 23,000 ஏக்கரில் நிற்கும். இடையில் மண் குடிப்பதும் வெயில் குடிப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால்தான் அணையில் திறந்தது முழுதும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டும் என்று வரையறுத்த 177.25 டி.எம்.சி. என்ற எண்ணை, இரு முறை மேட்டூர் நிரம்புவதற்குச் சற்றுக் குறைவு என்று நினைத்துப் பாருங்கள். அந்த எண்ணின் கனம் புரியும்.

மழைக்கு மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீட்டர் மழை. ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் 40,000 லிட்டருக்கு மேல் கொட்டிவிடுகிறது. மானாவாரி விவசாயிகள் ‘ஓர் உழவு மழை’ என்று சொல்கிறார்களே, அது இன்னொரு விதத்தில் அருமையான அளவு. எவ்வளவு விழுந்தது என்பதை மழைமானி சொல்லும். ஏர் இறங்கும் அளவுக்கு மண்ணில் எவ்வளவு தங்கியது என்பதை உழவு மழை சொல்லும். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே மழை ஒரே விளைவைத் தராது. இரண்டு அளவும் தேவை. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

கேள்வி: பூக்காரம்மாவின் முழத்துக்கும் என் முழத்துக்கும் நாலு விரற்கடை குறைகிறது. கேட்கலாமா?
(வாசகர், மதுரை)

முழம் என்பது முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை. இரண்டு சாண், ஏறத்தாழ ஒன்றரை அடி. வணிகத்துக்குச் சட்டம் ஏற்பது மெட்ரிக் அளவுகளை மட்டுமே. ஆனாலும் நான் கேட்க மாட்டேன். அவர் தம்மிடம் வரும் அனைவருக்கும் அந்த ஒரே கையால்தான் அளக்கிறார். விலையும் அந்தக் கைக்குத்தான். பார்க்க வேண்டியது கட்டின் நெருக்கம். தளர்வாகத் தொடுத்த நீண்ட முழத்தைவிட, நெருக்கித் தொடுத்த குட்டை முழத்தில் மல்லிகை கூடுதலாக இருக்கும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை 112. டொராண்டோவில் இருக்கும் தம்பி தனக்கு 6.2 என்கிறான். அவ்வளவு குறைந்தால் ஆபத்தில்லையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

கவலை வேண்டாம் ஐயா. உங்கள் இருவருக்கும் ஒரே அளவுதான். நீங்கள் சொல்வது ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பது. கனடாவிலும் பிரிட்டனிலும் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறார்கள். குளுக்கோஸின் மூலக்கூற்று எடை 180 ஆகையால், அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். 6.2-ஐ 18-ஆல் பெருக்கினால் 111.6. வெறும் வயிற்றில் 126 என்று நம் மருத்துவர் வைத்திருக்கும் நீரிழிவு எல்லை, அங்கே 7. தொலைபேசியில் எண்ணை மட்டும் சொல்லாமல் அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறவினர்கள் இருவர் அச்சத்தோடு இரவைக் கழிக்க வேண்டியிராது.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ‘ஒரு ஸ்பூன்’ என்கிறார்கள். எந்த ஸ்பூன்?
(வாசகி, திண்டுக்கல்)

மருத்துவக் கணக்கில் ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். என் வீட்டில் இருக்கும் சிறு கரண்டிகள் நான்கை அளந்து பார்த்தேன். 3 மில்லியிலிருந்து 7 மில்லி வரை கொண்டன. ஆகவே சமையலறைக் கரண்டியை மருந்துக்குத் தொடவே தொடாதீர்கள். மருந்தோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ மில்லிலிட்டர் கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள். அதோடு, ஒரே பெயருள்ள பாரசிட்டமால் மருந்து 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு செறிவில் கிடைக்கிறது. சென்ற முறை எழுதிக் கொடுத்த ‘5 மில்லி’யை இந்த முறை வேறு செறிவுள்ள புட்டியிலிருந்து கொடுத்தால் மருந்து இரு மடங்காகிவிடும். புட்டியில் உள்ள எண்ணை மருத்துவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும் இதே எச்சரிக்கை. மில்லிக்கு 40 யூனிட் கொண்ட புட்டியும் 100 யூனிட் கொண்ட புட்டியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. புட்டியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கேள்வி: அலகுக் குழப்பத்தால் பெரிய விபத்து ஏதேனும் நடந்ததுண்டா?
(வாசகர், திருப்பூர்)

உண்டு. 1983 ஜூலை 23 அன்று, மாண்ட்ரியாலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் சென்ற ஏர் கனடாவின் போயிங் 767 விமானம், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரு எஞ்சின்களும் நின்றுவிட்ட நிலைக்கு வந்தது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்த விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் இருந்த லிட்டர் கணக்கை எடையாக மாற்றிப் பார்த்தார்கள். அப்போது லிட்டருக்கு 0.8 கிலோ என்பதற்குப் பதிலாக, லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணை எடுத்துப் பெருக்கி, விடையைக் கிலோ என்று எழுதிவிட்டனர். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. கிளைடர் ஓட்டிப் பழகியிருந்த தலைமை விமானி, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட பழைய ராணுவ ஓடுதளத்தில் அதை இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். 1.77 என்ற எண்ணில் பிழை இல்லை. அதன் பக்கத்தில் பவுண்டு என்ற சொல் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்தில் நில அளவைக் கருவி ஒன்று எங்கள் பெரிய கோயிலில் ஏற்றும்போது உடைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?
(வாசகர், தஞ்சாவூர்)

உண்மைதான். வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அந்த அடிக்கோட்டின் நீளம் 40,006 அடி, ஏறத்தாழ ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளின் மேல் நேராகக் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் எஃகு எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்கிட்டுத் திருத்தி, 57 நாள் அளந்தார்கள். இந்த ஒரு கோடு சரியாக இருந்தால், அதன் மேல் கட்டும் முக்கோணங்களின் மற்றப் பக்கங்களைக் கோணங்களைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். அந்த அளவைதான் பின்னாளில் வளர்ந்து, இமயத்தின் சிகரங்களையும் அளந்தது.

கோணங்களை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்று லண்டனிலிருந்து வந்தது. காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களையே நிலையங்களாகக் கொண்டார்கள். 1808-இல் பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி, கோணம் குறித்த பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. புதிய கருவி வரக் கப்பலில் பல மாதங்கள் ஆகும். லாம்டன் அதைக் கழற்றி, சரியான வட்டத்தைப் பலகையில் வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு மயிரிழை மயிரிழையாக அந்த வட்டத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். ஆறு வாரங்கள் ஆயின. பழுது பார்த்த அதே கருவியைக் கொண்டுதான் தெற்கே குமரிமுனை வரை அளவையை முடித்தார்.